ஸ்டீரியோவில் இரைச்சலா, ஒரு பக்கம் ஊமையா? கேபிளிலிருந்து தொடங்கும் சோதனைகள்

வீட்டு ஸ்டீரியோ ஒழுங்காகப் பாடவில்லை என்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது ஆம்ப்ளிஃபையரைத்தான். அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் அங்கே கணீரென்று பாடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் பழையபடி கரகரக்கும். வீட்டிலேயே விட்டுப்போன கேபிளில்தான் கோளாறு இருந்திருக்கும். நண்பர்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்த பிறகு, எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று அறிகுறி வாரியாக எழுதி வைத்தேன்.

இங்கே கேபிள் என்று சொல்வது, பாட்டு வரும் கருவியிலிருந்து (செல்போன், சிடி பிளேயர், டிவி, ரெக்கார்ட் பிளேயர்) ஆம்ப் வரைக்கும் போகும் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிளையும், ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின் இருக்கும் ஆக்ஸ் கேபிளையும். இவற்றுக்கு இரண்டே வேலை: தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது, வெளி இரைச்சலை உள்ளே விடாமல் இருப்பது. சில நூறு ரூபாய் கேபிள் இரண்டையும் நன்றாகவே செய்யும். கெடுவது வயரின் நடுப்பகுதியில் அல்ல. பின்னும் வயரும் சேரும் இடத்தில்தான் பத்துக்கு ஒன்பது கேபிள்கள் போகின்றன.

தொடங்கும் முன்

ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஆர்சிஏ கேபிள் கையில் இருக்கட்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிள் போதும். அதில் எந்த இரண்டை வேண்டுமானாலும் ஆடியோவுக்குப் பயன்படுத்தலாம். பீப் ஒலி எழுப்பும் மல்டிமீட்டர், கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு டார்ச் இருந்தால் இங்கே உள்ள சோதனைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

எந்தப் பின்னைப் பிடுங்கினாலும் செருகினாலும் முதலில் ஆம்பை அணையுங்கள். அது முடியாத இடத்தில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆர்சிஏ பின்னில் நடு ஊசிதான் சாக்கெட்டை முதலில் தொடுகிறது, வெளி வளையம் அப்புறம்தான் சேர்கிறது. அந்தக் கண நேர இடைவெளியில் ஸ்பீக்கரில் ‘டம்’ என்று ஒரு அடி விழும். வால்யூம் ஏற்றி வைத்திருந்தால் ட்வீட்டர், அதாவது கூரான ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர், போய்விடும்.

ஆம்பின் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அறிகுறி 1: ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடவில்லை

பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் காரணம் இதுவாகவே இருக்கலாம். செல்போனில் என்றால் அமைப்புகளில் ஒலிச் சமநிலை ஒரு பக்கமாக இழுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மாற்றிச் செருகும் சோதனை. காசு செலவில்லாதது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஊமை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாற்றம், ஆம்பின் பின்புறம். சிவப்புப் பின்னை வெள்ளை சாக்கெட்டிலும் வெள்ளைப் பின்னைச் சிவப்பு சாக்கெட்டிலும் செருகுங்கள். கருவி பக்கத்தைத் தொடாதீர்கள்.

— ஊமை வலது பக்கத்துக்கு மாறிவிட்டது: கோளாறு கேபிளில் அல்லது கருவியில். ஆம்பும் ஸ்பீக்கரும் நலம்.

— இடது பக்கமே ஊமையாக இருக்கிறது: கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம். ஆம்ப், ஸ்பீக்கர் வயர், ஸ்பீக்கர் மூன்றில் ஒன்று.

ஊமை மாறியது என்றால் இரண்டாவது மாற்றம். ஆம்ப் பக்கத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு, இப்போது கருவி பக்கத்தில் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றுங்கள். இடது பக்கமே இன்னும் ஊமை என்றால் வெள்ளைக் கேபிள் போயிருக்கிறது. ஊமை வலதுக்குத் தாவினால் கேபிள் நல்ல கேபிள். கருவியின் இடது அவுட்புட்தான் ஊமை.

ஊமை மாறவில்லை என்றால் ஆம்பை அணைத்துவிட்டு, ஆம்பில் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். இடது ஸ்பீக்கர் இப்போது பாடினால் அது நல்ல ஸ்பீக்கர், ஆம்பின் இடது சேனலில்தான் கோளாறு. அப்போதும் அது பாடவில்லை என்றால் ஸ்பீக்கர் வயரின் நுனியைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துக் கவ்விவிட்டு, செம்பு தொடாமலே இருக்கும் வயர்கள் நிறைய.

ஆம்பின் ஒரு சேனல் என்று முடிவானால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன் ஒரே ஒரு காரியம். ஆம்பை அணைத்துவிட்டு, இன்புட் தேர்வுக் குமிழை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பலமுறை திருப்புங்கள். ஸ்பீக்கர் ஏ, பி பொத்தான்கள் இருந்தால் அவற்றையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த தொடுபுள்ளிகள் இதிலேயே உயிர் பெறுவதுண்டு. அப்புறமும் ஊமை என்றால் மெக்கானிக்தான்.

ஆக்ஸ் கேபிளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் பின்னில் கறுப்பு வளையம் எத்தனை என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் அது மோனோ பின். ஸ்டீரியோ ஜாக்கில் அதைச் செருகினால் வலது சேனல் எர்த்தோடு சேர்ந்துவிடும், வலது பக்கம் பாடாது. ஸ்டீரியோ என்றால் இரண்டு வளையம் வேண்டும்.

அறிகுறி 2: தொட்டால் கரகர, விட்டு விட்டுப் பாடுகிறது

பாட்டை மெதுவாக ஓடவிட்டு, கேபிளின் நடுப்பகுதியைத் தொடாமல், பின்னின் கழுத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து லேசாக அசையுங்கள். நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக. எந்த முனையில் கரகரக்கிறதோ அங்கே கோளாறு. ஆனால் அது பின்னிலா, பின் செருகியிருக்கும் சாக்கெட்டிலா என்பது இன்னும் தெரியாது. அதே சாக்கெட்டில் நல்ல கேபிளைச் செருகி அசையுங்கள். அதிலும் கரகரத்தால் சாக்கெட்.

பின் அழுக்காக இருந்தால்: பஞ்சில் ஆல்கஹால் தொட்டு நடு ஊசியையும் வெளி வளையத்தின் உள்பக்கத்தையும் துடையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பின்கள் சீக்கிரம் மங்கிவிடும். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி இடங்களில் இதை வருஷத்துக்கு ஒரு முறை வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

பிடி தளர்ந்திருந்தால்: வெளி வளையத்தின் இதழ்களைக் குறடால் மிக லேசாக உள்ளே அழுத்துங்கள். செருகும்போது ஒரு பிடிப்பு தெரிந்தால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் அடுத்த முறை பிடுங்கும்போது சாக்கெட்டையே ஆட்டிவிடும். திருகிப் பூட்டும் வகைப் பின்களிலும் இதே ஆபத்து: பூட்டைத் தளர்த்தாமல் இழுத்தால் ஆம்பின் சாக்கெட் வளையம் பின்னோடு சேர்ந்து வந்துவிடும்.

கேபிளுக்குள் அறுந்திருந்தால்: இரண்டு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வையுங்கள். ஒரு முனையின் ஊசியிலிருந்து மறுமுனை ஊசிக்குப் பீப் வர வேண்டும். வெளி வளையத்திலிருந்து வெளி வளையத்துக்குப் பீப் வர வேண்டும். ஊசியிலிருந்து வளையத்துக்கு வரவே கூடாது. இப்படி வைத்துக்கொண்டே யாரையாவது பின்னின் கழுத்தை வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அந்த முனை முடிந்தது. சும்மா கிடக்கும்போது நன்றாகக் காட்டி, வளைத்தால் மட்டும் அறும் கேபிள்கள்தான் அதிகம். ஆகவே வளைக்காமல் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

சாக்கெட் என்று தெரிந்தால்: உள்ளே சர்க்யூட் பலகையில் சால்டர் பற்று விட்டுப்போயிருக்கும். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. எந்த சாக்கெட் என்று ஒரு டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஆம்பில் காலியாக இருக்கும் இன்னொரு இன்புட்டைப் பயன்படுத்தலாம். டேப், டியூனர், சிடி, ஆக்ஸ் எல்லாம் ஒரே வகை இன்புட்தான். ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ மட்டும் வேறு.

கேபிளைத் தொடாதபோது, வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கேபிளை விட்டுவிடுங்கள். அது குமிழுக்குள் இருக்கும் அழுக்கு. மெக்கானிக்கிடம் கொடுத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தருவார்.

அறிகுறி 3: ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங்

வீட்டுக்கு வீடு காரணம் மாறும் கோளாறு இது. அவசரப்பட்டுக் காசு செலவழிப்பதும் இதில்தான். நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50, அதன் இரட்டிப்பான 100, இவைதான் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்பது. கூர்மையாக ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இருந்தால் காரணம் வேறு, கீழே வருகிறது.

பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள்.

3.1 வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் அப்படியே இருக்கிறது

கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆம்பின் பவர் சப்ளை பக்கம். பழைய ஆம்ப் என்றால் ஃபில்டர் கபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நேராக மெக்கானிக். போகும் முன் காதை ஸ்பீக்கரில் ஒரு முறை, ஆம்ப் பெட்டியில் ஒரு முறை வைத்துக் கேளுங்கள். சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. ஒலியைக் கெடுக்காது, அவசரமில்லை.

3.2 வால்யூமோடு சேர்ந்து ஹம் ஏறுகிறது

ஆம்பின் பின்னால் உள்ள எல்லா இன்புட் கேபிள்களையும் பிடுங்குங்கள். ஹம் அடங்கிவிட்டதா? இனி ஒவ்வொன்றாகச் செருகுங்கள், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்து, செருகி, மறுபடி போட்டு. எதைச் செருகியதும் ஹம் திரும்புகிறதோ அந்தக் கேபிளும் கருவியும்தான் நமக்கு வேண்டியவை.

அங்கே நல்ல கேபிளை மாட்டிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் பழைய கேபிளில் ஷீல்டு, அதாவது வெளி வளையத்தோடு சேரும் பின்னல், அறுந்திருக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஹம் என்றால் பெரும்பாலும் இதேதான். பாட்டு நன்றாகக் கேட்கும், அடியில் ஹம் ஓடிக்கொண்டிருக்கும்; மறுபக்கக் கேபிளின் ஷீல்டு வழியாக எர்த் கிடைத்துவிடுவதால் பாட்டு நிற்காது. இதனாலேயே கேபிள் மேல் சந்தேகம் வராமல் போகிறது.

நல்ல கேபிளிலும் ஹம் அப்படியே இருந்தால், கேபிளை ஆயிரக்கணக்கில் கொடுத்து மாற்றினாலும் போகாது. தொடர்ந்து படியுங்கள்.

3.3 கேபிள் போகும் பாதை

ஆம்பின் பின்னால் எட்டிப் பாருங்கள். ஆர்சிஏ கேபிளும் பவர் கார்டும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறதா? ஏதாவது அடாப்டர் கேபிள் மேல் படுத்திருக்கிறதா? பிரித்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிளஸ் குறி மாதிரி நேர்குறுக்காகப் போகட்டும், பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம். தேவைக்கு மேல் நீளமான கேபிளை வாங்கிச் சுருட்டி வைப்பது நம்மிடம் பெரிய பழக்கம். ஒன்றரை மீட்டர் போதும் என்ற இடத்தில் ஐந்து மீட்டர் வேண்டாம்.

3.4 டிவி, செட்டாப் பாக்ஸ்

டிவியையோ செட்டாப் பாக்ஸையோ ஆம்போடு சேர்த்ததும் ஹம் என்றால், பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கறுப்பு கேபிளை, அதாவது கேபிள்காரரின் லைனையோ மாடியில் இருக்கும் டிஷ்ஷின் லைனையோ, கழற்றிப் பாருங்கள். அந்த நொடியே ஹம் நின்றால் எர்த் லூப். உங்கள் வீட்டு எர்த்தும் அந்த லைனின் எர்த்தும் வேறு வேறு அளவில் இருக்கின்றன, வித்தியாசம் உங்கள் ஆடியோ கேபிள் வழியாக ஓடுகிறது.

செலவில்லாத முதல் வழி, ஆம்ப், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. பல வீடுகளில் பாதி ஹம் இதிலேயே போய்விடும். அது போதவில்லை என்றால் ஆர்சிஏ கேபிளின் நடுவில் வைக்கும் எர்த் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். மலிவானதில் அடிமட்ட பாஸ் கொஞ்சம் மெலியும். டிவி பார்ப்பதற்கு அது பெரிய நஷ்டமில்லை. டிஷ் லைனின் நடுவில் ஐசோலேட்டர் வைக்க நினைக்காதீர்கள். டிஷ்ஷின் தலைக்கு வேண்டிய 13, 18 வோல்ட் அந்த கேபிள் வழியாகத்தான் போகிறது, இடையில் தடுத்தால் படமே வராது. டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதுவே நல்ல தீர்வு. ஒளி வழியாகப் போவதால் லூப்பே உருவாகாது. ஆம்பில் ஆப்டிகல் இல்லை என்றால், டிஜிட்டல் ஒலியை ஆர்சிஏவுக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன டேக் (DAC) பெட்டி வேண்டியிருக்கும்.

3.5 லேப்டாப், செல்போன்

சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றதா? அப்படியானால் பாட்டு கேட்கும்போது பேட்டரியில் ஓடவிடுங்கள், அல்லது அதே ஐசோலேட்டரை வையுங்கள்.

3.6 ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கூரான சத்தம்

ஃபேனை அணைத்துப் பாருங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடும்போது இது வரும், முழு வேகத்தில் வைத்தால் போய்விடும். அப்புறம் எல்ஈடி விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. இதற்காக யாரும் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் வரும் வரை ஆம்பை அணைத்து வையுங்கள்.

3.7 ரெக்கார்ட் பிளேயர்

ஆர்சிஏ கேபிளோடு மெல்லிய ஒற்றை வயர் ஒன்று, நுனியில் பிளவுபட்ட ஒரு தகட்டோடு வரும். அதை ஆம்பின் பின்னால் ஃபோனோ பக்கத்தில் இருக்கும் எர்த் திருகில் மாட்ட வேண்டும். மாட்டவில்லை என்றால் பெரிய ஹம். மாட்டியும் ஹம் என்றால் பிளேயரை ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஃபோனோ கேபிளில் ஐசோலேட்டர் வைக்க வேண்டாம்.

3.8 ஆம்ப் உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது

இங்கேயே நிறுத்துங்கள். இது கேபிள் வேலை அல்ல. சுவரில் மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேல் ஓட்டைக்கு வயரே வராத வீடுகள் எத்தனையோ. எலெக்ட்ரீஷியனை அழைத்து, அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போக பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹம் போகும், உண்மைதான். ஆனால் ஆம்புக்குள் ஏதாவது ஷார்ட் ஆனால் அந்த இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், தொட்டவர் வழியாகத்தான் அது தரைக்குப் போகும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அறிகுறி 4: இசை கேட்கிறது, பாடகர் குரல் காணவில்லை

முதல் முறை கேட்பவர்களை இது திகைக்க வைக்கும். வயலின், கோரஸ், தாளம் எல்லாம் ஏதோ தூரத்திலிருந்து எதிரொலி மாதிரி வரும், குரல் மட்டும் இருக்காது. ஆக்ஸ் பின்னின் எர்த் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. எர்த் போனதும் இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஆம்புக்குப் போகும். குரல் பெரும்பாலான பதிவுகளில் இரண்டு சேனலிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

செல்போன் கவரைக் கழற்றிவிட்டு பின்னைச் செருகுங்கள். தடித்த கவர் பின்னை அரை மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினாலும் இது நடக்கும். அப்புறம் டார்ச் அடித்து ஜாக்கின் அடியில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அங்கே அழுந்தி ஒரு மெத்தை போலக் கிடக்கும். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், ஊக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் குரல் வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். புதுக் கேபிளிலும் அப்படியே என்றால் போனின் ஜாக் போயிருக்கிறது. போன் ரிப்பேர் கடை.

டிவியிலிருந்து வரும் ஒலியில் மட்டும் இப்படி என்றால் அதன் அமைப்புகளில் சரவுண்ட் ஒலியை அணைத்துப் பாருங்கள்.

குரல் முழுக்கப் போகவில்லை, ஆனால் நடுவில் நிற்காமல் பரவிக் கிடக்கிறது, பாஸும் மெலிந்துவிட்டது என்றால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரையும் எதிரெதிரே ஒரு சாண் இடைவெளியில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஆம்பை அணைத்து ஒரே ஒரு ஸ்பீக்கரில் வயர்களை மாற்றி மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் பாஸ் அதிகமோ அதுதான் சரி.

அறிகுறி 5: சத்தம் ரொம்பக் கம்மி, அல்லது உடைந்து இரைகிறது

உடைந்து, பாஸ் அளவுக்கு மீறி இரைந்தால் நீங்கள் சிடி பிளேயரையோ போனையோ ஃபோனோ இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள். ஃபோனோ சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது, சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். வேறு இன்புட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இதன் தலைகீழ்: ரெக்கார்ட் பிளேயரை ஆக்ஸில் செருகினால் ஈனமாக, பாஸே இல்லாமல் கேட்கும். ஃபோனோ இன்புட் இல்லாத ஆம்ப் என்றால் தனியாக ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும்.

செல்போனிலிருந்து கம்மியாக இருந்தால் போனின் வால்யூமை முக்கால் பாகத்துக்கு மேல் ஏற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஒரு கேபிளில் மட்டும் கம்மி என்றால் மீட்டரை ஓம் அளவில் வைத்து ஊசிக்கு ஊசி பாருங்கள். நல்ல கேபிள் ஒரு ஓமுக்குள் காட்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த கேபிள், மைக் இன்புட்டில் ரெக்கார்டு செய்வதற்காக ஒரு காலத்தில் விற்றது. கெட்டுப்போன கேபிள் அல்ல, இந்த வேலைக்கு உதவாது, அவ்வளவுதான்.

அறிகுறி 6: ‘டிட்-டிடிட்-டிட்’

பக்கத்தில் இருக்கும் 2ஜி போன். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே ஸ்பீக்கர் சொல்லிவிடும். போனைத் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் கேபிளின் ஆம்ப் முனையில் கவ்வும் ஃபெரைட் மணி ஒன்று போடுங்கள். ஷீல்டு பின்னல் அடர்த்தியாக உள்ள கேபிளும் உதவும். ரேடியோ நிலையம் கேட்டாலும் மருந்து இதேதான்.

அறிகுறி 7: மங்கலாக இருக்கிறது, சிம்பல் ஒலி மினுங்கவில்லை

சிடி பிளேயர், போன், டிவி என்றால் ஒன்று முதல் மூன்று மீட்டர் கேபிளால் இது வராது. கருவியின் அவுட்புட் ஆயிரம் ஓம், கேபிளின் கபாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் அளவு) 300 பிகோஃபாரட் என்று தாராளமாக வைத்தாலும் ஒலி குறையத் தொடங்குவது 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. டோன் குமிழ்களைப் பாருங்கள், ட்வீட்டரில் காது வைத்துப் பாருங்கள். ட்வீட்டர் பேசவில்லை என்றால் ஸ்பீக்கர் மெக்கானிக்.

கேபிளின் கபாசிட்டன்ஸ் உண்மையிலேயே காதில் விழும் இடம் ரெக்கார்ட் பிளேயர். ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ மாதிரி காட்ரிட்ஜுக்கு (ரெக்கார்டில் ஓடும் ஊசி உள்ள பகுதி) 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான் சிபாரிசு. அதில் பிளேயரின் கைக்குள் ஓடும் வயரும் கேபிளும் ஆம்பின் இன்புட்டும் சேர்த்தி. சாதாரணக் கேபிள் மீட்டருக்கு 100 பக்கம் போய்விடும். ஆகவே இங்கே மட்டும் குறைந்த கபாசிட்டன்ஸ் உள்ள கேபிளைத் தேடி, ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்வது பலன் தரும்.

கேபிள்தான் என்று உறுதியாகிவிட்டது: வாங்குவதா, செய்வதா?

ரெடிமேடாக வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: பின் சாக்கெட்டில் ஆடாமல் உட்காருகிறதா, கழுத்தில் வளைவைத் தாங்கும் ரப்பர் இருக்கிறதா, நீளம் தேவைக்கு ஏற்றதா. தங்கப் பூச்சு கறுக்காது என்பதற்காக நல்லது, ஒலிக்காக அல்ல. ‘பியூர் காப்பர் சார்’ என்று கடைக்காரர் சொன்னால், அறுந்த துண்டு இருந்தால் காட்டச் சொல்லிப் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியமோ இரும்போ. காந்தம் இரும்பை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வாங்கியதும் வீட்டில் மீட்டரில் வளைத்துச் சோதியுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

செய்வதென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் மைக் கேபிளை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கனாரே, மொகாமி மைக் கேபிளும் ரீன் பின்களும் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சிசிடிவிக்கு இழுக்கும் மலிவு கேபிளைத் தவிர்ப்பேன். அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சால்டர் வைத்தால் ஈயம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழும். ஒட்டியது போலத் தெரிந்தாலும் சில மாதத்தில் விட்டுவிடும். டிஷ் கேபிளில் நடுக்கம்பி விறைப்பானது, அதன் பாரமே ஆம்பின் சாக்கெட்டை ஆட்டும்.

இரண்டு இழை மைக் கேபிளில் ஒரு இழை ஊசிக்கு, மற்றது வெளி வளையத்துக்கு. ஷீல்டை வளையத்தோடு கருவி முனையில் மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. சில கேபிள்களில் அம்புக்குறி இருப்பது இதற்காகத்தான். சால்டர் வைக்கும் முன் பின்னின் மூடியையும் சுருங்கும் குழாயையும் வயரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்னை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால், சூட்டில் உள் பிளாஸ்டிக் இளகினாலும் நடு ஊசி கோணாது. 25 வாட் அயர்ன் போதும். வளையத்தின் பக்கம் சூடு ஏற நேரமாகும், ஊசியின் பக்கம் இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் மறுபடி மீட்டர்.

கேபிள் மாற்றியதும் ஒலி தெளிந்துவிட்டது என்று தோன்றுகிறது

தோன்றுவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காரணம் புதுக் கேபிள்தானா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் அசையாத பின்னைப் பிடுங்கிச் செருகினாலே தொடுமிடத்தில் படிந்திருந்த மங்கல் உரசிப் போகும். ஆகவே பழைய கேபிளைத் துடைத்து மறுபடி மாட்டிக் கேளுங்கள். அதுவும் அதே மாதிரி பாடினால் புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வித்தியாசம் இன்னும் இருப்பதாகப் பட்டால் வீட்டில் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். எந்தக் கேபிள் என்று சொல்லாமல் அவர்கள் மாற்றட்டும், சில முறை மாற்றாமலே மாற்றியது போல நடிக்கட்டும். வால்யூமைத் தொடாமல், ஒரே பாட்டின் ஒரே பகுதியை, பத்து முறை. பத்தில் ஏழு சரியாகச் சொல்வது குருட்டு யோகத்திலும் நடக்கும், ஒன்பது சொன்னால் உங்கள் காது எதையோ பிடித்திருக்கிறது. அப்போது இரண்டு கேபிளையும் மீட்டரில் போட்டு வளைத்துப் பாருங்கள். ஒன்றில் ஷீல்டு விட்டுப்போயிருக்கும், அல்லது ஊசிப் பக்கம் ஓம் ஏறியிருக்கும்.